நெருப்புக்கு ஒரு வாசல்

"பெட்டியோட கூரையில எதுக்கு மேடம் கதவு?"

போன மாதம் பிருந்தா போனில் இப்படிக் கேட்டபோது நான் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தேன். பிருந்தா இப்போது என் பழைய நாற்காலியில் இருக்கும் மின் ஆய்வாளர். மாநிலம் முழுக்கப் பேட்டரி சேமிப்பு நிலையங்கள் வரப்போகின்றன. அவற்றுக்கெல்லாம் பொதுவான விதிகள் வேண்டும் என்று மேலிருந்து ஒரு வரைவை அனுப்பிக் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். சில கம்பெனிகளுக்கு அதில் ஒரு விதி பிடிக்கவில்லை. பேட்டரிப் பெட்டிக்குக் கூரைத் திறப்பு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெட்டி செய்கிறவர் விருப்பத்துக்கே விட்டுவிடலாம் என்கிறார்கள். அந்த விதியை இந்த மாவட்டத்தில் முதலில் எழுதியவள் நான். ஏன் எழுதினேன் என்பதற்குக் கோப்பில் 'பாதுகாப்பு கருதி' என்று இரண்டு வார்த்தைதான் இருக்கிறதாம்.

போனிலேயே சொல்ல ஆரம்பித்தேன். தாளிக்க வைத்த கடுகு கருகியதுதான் மிச்சம். இது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் விருதுநகர்க்காரி. அப்பாவுக்கு மிளகாய் வற்றல் கமிஷன் கடை. தும்மிக்கொண்டே வளர்ந்தேன், தும்மிக்கொண்டே படித்தேன். மதுரையில் மின் பொறியியல், பிறகு தேர்வு, பிறகு வேலை. மின் ஆய்வாளர் என்றால் என்ன வேலை என்று அப்பா கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மில்லோ ஆஸ்பத்திரியோ சினிமா கொட்டகையோ மின் இணைப்புக்கு உயிர் கொடுக்கும் முன்னால், கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போடுவதுதான் எங்கள் வேலை. கையெழுத்துக்கா சம்பளம் தருகிறார்கள் என்று மூக்கின்மேல் விரலை வைத்தார் அப்பா.

சிவகாசிப் பக்கம் என்னை மாற்றிப் போட்டபோதுதான் இந்த வேலையின் விசித்திரம் எனக்குப் புரிந்தது. மற்ற ஊர்களில் மின்சாரம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்போம். பட்டாசு ஆபீசில் மின்சாரம் இல்லவே இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெடிமருந்து செலுத்தும் அறைகளில் ஒரு வயர் கிடையாது, ஒரு பல்பு கிடையாது. சூரிய வெளிச்சத்தில் மட்டும் வேலை. சாயங்காலம் அறையில் ஒரு சிட்டிகை மருந்து மிச்சம் இல்லாமல் கூட்டிவிட்டுப் போக வேண்டும்.

அறை வாசலில் மண்ணோடு இணைத்த ஒரு செம்புத் தகடு இருக்கும். சேலை உரசி உடம்பில் சேர்கிற துளி மின்சாரம்கூட உள்ளே போகக் கூடாது என்பதற்காக, நுழைகிற ஒவ்வொருவரும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். யாரும் நினைத்துத் தொடுவதில்லை, கை தானாகப் போகும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. மின்னல் எது, நம் விரல் நுனியில் இருப்பது எது, இரண்டும் ஒரே வஸ்து என்று புத்தகத்தில் படித்தவள் நான். அங்கே மனிதர்கள் அதைத் தினமும் கையால் மண்ணுக்குள் அனுப்பிவிட்டு உட்கார்ந்து வேலை பார்த்தார்கள்.

இன்னொன்றும் அங்கே கண்ணில் பட்டது. அந்த அறைகளுக்கு எல்லாப் பக்கமும் கதவு. எல்லாக் கதவும் வெளிப்பக்கம் திறக்கும். வேலை நடக்கும்போது ஒரு கதவும் சாத்தியிருக்கக் கூடாது. காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கல்லை அண்டக் கொடுத்திருப்பார்கள். காலையில் வந்ததும் தகட்டைத் தொடுவது, கதவைத் திறப்பது, கல்லை வைப்பது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஆவுடையப்பன் சார். தென்காசிப் பக்கத்துக்காரர். ஒல்லி, வெள்ளை அரைக்கைச் சட்டை, அதிர்ந்து பேச மாட்டார். எந்த இடத்துக்கு ஆய்வுக்குப் போனாலும் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். மின்சாரம் இருக்கிற இடத்தில் உடம்பில் உலோகம் கூடாது என்பது எல்லோருக்கும் சொல்லித்தருகிற பாடம்தான், யாரும் செய்வதில்லை. அவர் செய்வார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த இடத்தைச் சுற்றி வருவார். சுற்றி முடித்து ஓர் இடத்தில் நின்று, ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இது கெட்டா எந்தப் பக்கம் போகும்?"

ஒரு நூற்பாலையில் புது டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தார்கள். மேனேஜர் பெருமையாகக் காட்டினார். சார் வழக்கம்போலக் கேட்டார். வெளிநாட்டுச் சரக்கு சார், கெடவே கெடாது என்றார் மேனேஜர். "கெடாதுன்னா என்னைய எதுக்குக் கூப்பிட்டீக?" என்றார் சார், கோபமே இல்லாமல். பிறகு குனிந்து தரையில் ஒரு கோலிக்குண்டு மாதிரி கூழாங்கல்லை உருட்டிவிட்டார். அது நேராக கேன்டீன் வாசலில் போய் நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து எண்ணெய் தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடும் என்று மேனேஜருக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மறு மாதம் போனபோது கேன்டீன் இடம் மாறியிருந்தது, எண்ணெய் போய் விழத் தனிக்குழி வெட்டியிருந்தார்கள்.

கெடாது என்று சொல்கிற ஆட்களைக் கண்டால் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அது அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட குணம். அவருக்கு வராத கோபமும் சேர்த்து எனக்கு வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் வேலைக் காலத்தில் பெரும்பகுதி ஓர் உண்மை மாறாமல் இருந்தது. மின்சாரத்தை எடுத்து வைக்க முடியாது. எரிகிற நொடியில்தான் உற்பத்தி ஆக வேண்டும். ஊர் கேட்பதும் கம்பியில் வருவதும் எப்போதும் சரிசமமாக இருக்க வேண்டும். ஒருமுறை மாநிலத்தின் மின் பங்கீட்டு மையத்துக்குப் போயிருந்தேன். கம்பியில் மின்சாரம் நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்று காட்டுகிற ஐம்பது என்ற எண் சுவரில் சிவப்பாக நின்றது. தசமப் புள்ளிக்குப் பின்னால் மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கன்னியாகுமரியில் ஒருத்தி மிக்ஸி போட்டால், காஷ்மீரில் ஒருவன் அணைத்தால், அந்த நடுக்கத்தில் அதுவும் இருக்கிறது என்றார் அங்கே உட்கார்ந்திருந்தவர். எத்தனை கோடிப் பேர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே நூலைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

காற்றாலைகளும் சோலாரும் வந்த பிறகு அந்த நூல் இழுபட ஆரம்பித்தது. எங்கள் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மத்தியானம் சோலார் கொட்டும், வாங்க ஆளில்லை, நிறுத்து என்பார்கள். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வீடு விளக்கு, ஃபேன், டிவி, அப்போது மின்சாரம் போதாது. மத்தியான வெயிலைச் சாயங்காலத்துக்கு எடுத்து வைக்க ஒரு வழி வேண்டும் என்று பேசிப் பேசியே வருஷங்கள் போயின. பிறகு பேட்டரி வந்தது. லாரியில் ஏற்றுகிற கன்டெய்னர் அளவு இரும்புப் பெட்டி. உள்ளே அடுக்கடுக்காக செல்கள். அப்படிப் பல பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு சிற்றூரே சாயங்காலம் முழுக்க அதில் ஓடும்.

அதிசயம் வந்துவிட்டது. அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்றுதான் அரசாங்கத்துக்குத் தெரியவில்லை. மின்சாரத்தை வாங்கும்போது அது நுகர்வோர், விற்கும்போது அது மின்நிலையம். இரண்டு பக்கமும் கட்டணம் போட்டால் யாரும் நடத்த மாட்டார்கள். ஒரு பக்கமும் போடாவிட்டால் கம்பியின் செலவை யார் கொடுப்பது. கூட்டம் கூட்டமாகப் போட்டார்கள். ஒரு கூட்டத்தில் மூத்த அதிகாரி ஒருவர் பொறுமை இழந்து, "குடமா குழாயா, முதல்ல அதைச் சொல்லுங்க" என்றார். கடைசியில் இரண்டும் இல்லை, இது சேமிப்பு என்று தனி இனமாகவே எழுதினார்கள். அந்தக் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்ததோடு சரி, எனக்கு அதில் பங்கில்லை. எங்கள் பங்கு வேறு ரூபத்தில் வந்தது.

தாயில்பட்டிக்கு அப்பால், ஒரு சப்ஸ்டேஷனை ஒட்டிய கரிசல் தரிசில் ஒரு கம்பெனி பேட்டரி நிலையம் அமைக்க முன்வந்தது. சுற்றிலும் பட்டாசு ஆபீஸ்கள். வெடிமருந்துச் சட்டம் கருமருந்தைப் பற்றிப் பேசியது, மின்சார விதிகள் வயரைப் பற்றிப் பேசின. இரண்டுக்கும் நடுவில் நின்ற இந்தப் பெட்டியைப் பற்றி அன்றைக்கு எந்தப் புத்தகமும் தெளிவாகச் சொல்லவில்லை. அது எங்கள் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆபீஸ் முதலாளிகள், தொழிலாளர்கள், பக்கத்து நிலத்துக்காரர்கள் என்று மண்டபம் நிறைந்துவிட்டது. கம்பெனியின் பொறியாளர் ரகுராம் திரையில் படம் போட்டு விளக்கினார். நல்ல மனிதர், நடுத்தர வயது, கண்ணியமான பேச்சு. அவர் முடித்ததும் நடு வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் போர்மேனாக இருந்த பேச்சியம்மாள். அறை அறையாகப் போய்ப் பாதுகாப்பைப் பார்ப்பதுதான் அவர் வேலை. மண்டபத்தில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்திருந்தது.

"அந்தப் பெட்டிக்குள்ள இருக்கதும் ஒரு மருந்துதான சார்?"

ஒரு விதத்தில் ரசாயனம்தான், ஆனால் வெடிமருந்து அல்ல என்றார் ரகுராம்.

"மருந்த உள்ள வச்சுக் கதவப் பூட்டுவீகளா?"

எப்போதும் பூட்டியேதான் இருக்கும், அதுதான் பாதுகாப்பு என்றார் அவர். மண்டபம் சலசலத்தது. பேச்சியம்மாள் சலசலப்பு அடங்கும்வரை நின்றார்.

"எங்க வீட்டுக்காரவுக சாத்துன கதவுக்குப் பின்னாலதான் போனாக. சாரல் அடிக்கிது, மருந்து நமத்துப் போகும்னு ஒத்தக் கதவச் சாத்துனாக. ஒத்தக் கதவுதான் சார்."

உட்கார்ந்துவிட்டார். ரகுராம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

திரும்பும் வழியில், திருத்தங்கல் தாண்டியபோது ஆவுடையப்பன் சார் சொன்னார். "ரெண்டு பேரு சொன்னதும் சரிதான் வடிவு. அதுதான் வம்பே."

வம்பு என்னவென்று புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பெட்டிக்குள் ஒரு செல் கெட்டுச் சூடேறினால் தீ வரும் முன்னால் எரிவாயு வரும். அது உள்ளேயே கட்டி நிற்கும். அப்போது யாராவது புகையைப் பார்த்துப் பதறிக் கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே பாயும். கேஸ் கசிந்த அடுப்படிக்குள் போய் சுவிட்சைப் போட்ட கதைதான். திறந்தவர் முகத்திலேயே வெடிக்கும். அதனால் ரகுராம் சொன்னது சரி. ஆனால் பூட்டியே வைத்திருந்தால் உள்ளே சேருகிற வாயு என்றைக்காவது எந்தச் சுவர் இளைத்ததோ அந்தச் சுவரைப் பிய்த்துக்கொண்டு போகும். அந்தப் பக்கம் யார் நிற்பார்களோ தெரியாது. அதனால் பேச்சியம்மாள் சொன்னதும் சரி.

எனக்குப் பயம் வேறொன்றில் இருந்தது. இந்த வட்டாரத்தில் புகை என்றதும் எந்த மனிதருக்கும் கை முதலில் எங்கே போகும்? கதவுக்குத்தான் போகும். இரண்டு தலைமுறையாகக் கதவைத் திறந்து வைத்தே உயிர் பிழைத்த ஊர். வேறெந்த ஊரிலும் செய்யாத தவறை இங்கே செய்வார்கள், அதுவும் அடுத்தவரைக் காப்பாற்றுவதற்காகவே செய்வார்கள்.

மாதிரிப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. பார்க்கப் போனோம். சார் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். பெட்டியைச் சுற்றி வந்தார், நின்றார், தன் கேள்வியைக் கேட்டார். எத்தனை சென்சார், எத்தனை அடுக்குப் பாதுகாப்பு என்று ரகுராம் அடுக்கிவிட்டு, ஆகவே கெட வாய்ப்பில்லை சார் என்று முடித்தார். சார் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். ரகுராம் என்னிடம் ஓடி வந்தார், நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா மேடம் என்று. நீங்கள் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை, கெட்டால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லும்வரை அவர் மறுபடி கடிகாரத்தைக் கழற்ற மாட்டார் என்றேன்.

அந்தக் கோப்பு முடியும் முன்னால் சார் ஓய்வு பெற்றார். நாற்காலி என்னிடம் வந்தது, கோப்பும் வந்தது. சாரோடு சேர்ந்து யோசித்ததையெல்லாம் நிபந்தனைகளாக எழுதினேன். வாயுவை மோப்பம் பிடித்ததும் தானே சுழன்று வெளியேற்றுகிற விசிறி. அதையும் மீறி அழுத்தம் ஏறினால் தானாக மேல்நோக்கித் திறந்துகொள்கிற கூரைப் பலகைகள். ஒரு பெட்டி எரிந்தாலும் அடுத்த பெட்டிக்குத் தாவாத இடைவெளி. தூரத்திலிருந்தே பக்கத்துப் பெட்டிகளைக் குளிர்விக்கத் தண்ணீர். சங்கு ஒலித்தால் யாரும் தாண்டக் கூடாத சிவப்புக் கோடு.

கூரையை மாற்றுவதென்றால் பெட்டிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும், அவை திரும்பி வருவதற்குள் கோடைகாலம் போய்விடும் என்றது கம்பெனி. இங்கேதான் என் சோதனை. அந்தக் கோடையில் மாவட்டம் முழுக்கச் சாயங்கால மின்வெட்டு. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். ஒரு கையெழுத்துப் போட்டால் விளக்கு எரியும், போடாமல் உட்கார்ந்திருக்கிறாயே அம்மா என்று மேலே இருந்தவர்கள் நாளொரு போன் போட்டார்கள். பக்கத்து வீட்டு அச்சகக்காரர் காலண்டர் ஆர்டர் எல்லாம் இயந்திரத்தில் நிற்கிறது என்று வாசலில் வந்து சத்தம் போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் தூக்கம் வராமல் சாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீ கையெழுத்துப் போட்டா அது எந்தப் பக்கம் போகும்னு பாரு" என்றார். அவ்வளவுதான். பேரப்பிள்ளை அழுகிறது என்று வைத்துவிட்டார்.

நான் போடவில்லை. அந்தக் கோடை முழுக்க ஊரே என்னைத் திட்டியது, பனையோலை விசிறியோடு நானும் வேர்த்துக் கிடந்தேன். மழைக்காலத்தில் பெட்டிகள் புதுக் கூரையோடு வந்தன.

நிலையத்துக்கு உள்ளூர் ஆட்களை வேலைக்கு எடுத்தபோது பேச்சியம்மாளையும் எடுத்தார்கள். மருந்துத் தூசியால் அவருக்கு மூச்சிரைப்பு வந்திருந்தது, பட்டாசு வேலையை விட வேண்டிய நிலை. வாசலையும் பாதுகாப்பு ஒழுங்கையும் பார்க்கிற பொறுப்பு. இந்த ஊரில் கதவைத் திறக்காமல் இருக்க வேறு யாரால் முடிந்தாலும் அவரால் முடியாது என்று நினைத்தேன்.

ஒத்திகையில் அப்படியேதான் ஆனது. சங்கு ஒலித்ததும் எல்லோரும் சிவப்புக் கோட்டுக்கு வெளியே ஓடினார்கள். பேச்சியம்மாள் மட்டும் எதிர்த்திசையில் ஓடிப் பெட்டியின் கதவுப் பிடியைப் பிடித்துவிட்டார். நாங்கள் கத்திய பிறகுதான் கையை எடுத்தார். தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெறந்து விட்டுட்டுத்தானம்மா ஓடணும்? உள்ள ஆளு இருந்தா?" என்றார். உள்ளே ஆள் இருக்க வழியே இல்லை என்று அவருக்கும் தெரியும்.

இவரை வைத்திருப்பது ஆபத்து என்றார் ரகுராம். அவர் சொன்னது சரிதான். ஆனால் இவரை அனுப்பிவிட்டு எடுக்கப்போகிற ஆளும் இதே ஊர்தானே. எல்லோருக்குள்ளும் இருக்கிற கை அதுதான். ஏணியைக் கொண்டுவரச் சொன்னேன். "மேல ஏறி வாங்க பேச்சியம்மா" என்றேன். முட்டு வலியோடு நான் முன்னால் ஏறினேன், சேலையைச் செருகிக்கொண்டு அவர் பின்னால் வந்தார். கூரையில் பலகைகளைக் காட்டினேன். ரகுராம் கீழே நின்று பெட்டிக்குள் காற்றழுத்தம் கொடுத்துக் காட்டினார். பலகை தொப்பென்று மேல்நோக்கித் திறந்து நின்றது.

பேச்சியம்மாள் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னார். மூன்றாம் தடவையும் கேட்டார். ரகுராம் முகம் சுளிக்காமல் செய்தார், அதற்காக, கெட வாய்ப்பில்லை என்று அவர் முன்பு சொன்னதை நான் மன்னித்தேன்.

"இதத் தெறக்க ஆளு வேண்டாம், என்னம்மா?"

வேண்டாம் என்றேன்.

"அப்ப கீழ இருக்கது ஆளு போற வாசல். இது நெருப்புப் போற வாசல்" என்றார். இறங்கும்போது ஏணியில் நின்று இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தார்.

நிலையம் ஓட ஆரம்பித்த முதல் சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். மத்தியானம் முழுக்கப் பெட்டிகள் வெயிலைக் குடித்திருந்தன. பொழுது இறங்க, ஒரு சத்தமும் இல்லாமல், லேசான விசிறி இரைச்சலோடு அவை திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தன. தூரத்தில் சிவகாசி வெளிச்சமாக எழுந்தது. அது மத்தியானத்து வெயில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிறையச் சொல்லலாம், ஆனால் பிருந்தா, அந்த இடத்தில் நின்றால்தான் உனக்கும் தெரியும்.

என் சர்வீசின் கடைசி வருஷம். ஒரு மத்தியானம் போன் வந்தது, ஒரு பெட்டியில் புகை என்று. விருதுநகரிலிருந்து கிளம்பினேன். வழி நெடுக ஒரே நினைப்பு: பேச்சியம்மாள் கதவைத் திறந்திருப்பாரோ. ஆமத்தூர் தாண்டி சிவகாசிக்குள் நுழையும்வரை போனை எடுக்கவே பயமாக இருந்தது. யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று.

தாயில்பட்டி சாலையில் திரும்பியதுமே தெரிந்தது. ஒரு தூண் மாதிரி புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் போனதும் தீயைப் பார்த்தேன். கூரை திறந்திருந்தது. பெட்டியின் நாலு சுவரும் அப்படியே நின்றன, கதவு சாத்தியே இருந்தது. தீ மட்டும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து எழுந்துகொண்டிருந்தது. பக்கத்துப் பெட்டிகள்மேல் தண்ணீர் பொழிந்தது. சுற்றியிருந்த பட்டாசு ஆபீஸ்களிலிருந்து பெண்கள் வெளியே வந்து, ஒத்திகையில் அவர்களுக்கும் சொல்லியிருந்தபடி கரிசல் காட்டு வெட்டவெளியில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெருப்பைக் கண்டு ஓடாமல் உட்கார்ந்து பார்க்கிற சிவகாசிப் பெண்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சிவப்புக் கோட்டுக்கு வெளியே பேச்சியம்மாள் நின்றார். ரகுராமின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். விட மறந்துவிட்டிருந்தார். ரகுராமின் சட்டைத் தோளில் கிழிந்திருந்தது.

நடந்ததை ரகுராமே சொன்னார். முந்தைய வாரங்களில் சங்கு சில தடவை பொய்யாக ஒலித்திருக்கிறது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, கதவைத் திறந்து பார்த்துவிடலாம் என்று சாவியோடு ஓடியிருக்கிறார். பேச்சியம்மாள் ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

"ஏலே நில்லு. அது இப்பக் கதவு இல்லலே" என்றாராம். தன் மேலதிகாரியை ஏலே என்று சொல்லிவிட்டதற்குப் பிற்பாடு பேச்சியம்மாள் வெகுநாள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் கோட்டைத் தாண்டி வெளியே வந்து விழுந்ததும் கூரை திறந்திருக்கிறது. கதவு திறந்திருந்தால் ரகுராம் இருந்திருக்க மாட்டார்.

வாழ்நாளெல்லாம் திறக்கச் சொன்ன கை, அந்த ஒரு நிமிஷம் தன்னையும் பிடித்து நிறுத்தி இன்னொருவரையும் பிடித்து நிறுத்தியிருக்கிறது. ஐம்பது என்ற எண்ணின் முன்னால் நின்றபோதுகூட இப்படி நான் மலைத்ததில்லை. அன்று சாயங்காலம் நிலையம் ஓடவில்லை. வேறெங்கெங்கோ இருந்து கம்பி வழியாக மின்சாரம் வந்து அந்தக் குறையை நிரப்பியது. சிவகாசியில் ஒரு விளக்கும் கண் சிமிட்டவில்லை.

எரிந்து அடங்கிய பிறகும் அந்தப் பெட்டியை உடனே தொட முடியாது. கெட்ட செல்களில் மிச்ச மின்சாரம் ஒளிந்திருக்கும், மறுபடி கனலும். பல நாள் காத்திருந்து, சூடு பார்த்து, வாயு பார்த்து, இனிப் பயமில்லை என்று உறுதியான பிறகு விசாரணைக் குழுவோடு போனேன். பேச்சியம்மாள் வாசலில் நின்றார். எல்லோரும் பெட்டியை நோக்கி நடந்தபோது அவர் என் பக்கத்தில் வந்தார்.

"இப்பத் தெறக்கலாமாம்மா?"

சாவி ரகுராமிடம் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு அதைப் பேச்சியம்மாளின் கையில் வைத்தார். அவர் பூட்டைத் திறந்து, பிடியைத் திருகி, கதவை இழுத்தார். வெந்துபோன கதவு முனகிக்கொண்டு வந்தது. உள்ளே எல்லாம் கரி. கூரை இருந்த இடத்தில் நீலமாக வானம் தெரிந்தது. பேச்சியம்மாள் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவுகளுக்கு இம்புட்டு வழி இருந்திருந்தாப் போதுமே" என்றார்.

குழுவில் இருந்தவர்கள் கருவிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் தயாரானார்கள். கொஞ்சம் இருங்க என்று அவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினார். வேலிப் பக்கம் போய்க் கைக்கு அடங்கிய ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்தார். கதவை முழுக்க மலர்த்தி, காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல் கல்லை அண்டக் கொடுத்துவிட்டு, "இப்பப் போங்க" என்றார்.